செருப்பு மேல் சிவப்புக் கோடு போட்டால் என்ன பொருள்? ஏற்காடு எஸ்டேட் பலகைகள், காபிப் பை

அடிவாரம்_டிசைன் கேட்டது:

ஏற்காட்டில் பார்வையாளர்களை உள்ளே விடும் ஒரு காபி எஸ்டேட்டுக்கு 11 பலகைகளும், 250 கிராம் காபிப் பொடிப் பையின் முன்பக்கமும் தயாராகின்றன. வருபவர்களில் பாதி சேலம், நாமக்கல், ஈரோட்டுக் குடும்பங்கள். மீதி பெங்களூர் வண்டிகள். மொழிச் சிக்கல் வேண்டாம், எழுத்தே இல்லாமல் படக்குறியிலேயே முடித்துவிடுங்கள் என்கிறார் உரிமையாளர்.

வரைவுகளைச் சிலரிடம் காட்டினால் ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்கள். சிக்கலானவை மட்டும்:

காபி காயும் களத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்பதற்காகச் செருப்பு வரைந்து மேலே சிவப்பு வட்டமும் கோடும். "செருப்பைக் கழற்றிட்டு உள்ளே போகணும்" என்கிறார்கள்.

குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள் என்பதற்கு, நிற்கும் குரங்கு, நீளும் கை, கோடு. ஒருவர் "இங்கே குரங்குத் தொல்லை கிடையாது" என்று படித்தார். இன்னொருவர் "ஆஞ்சநேயர் மேல ஏங்க கோடு போட்டிருக்கீங்க?"

நேராகப் போகச் சொல்ல, மேல்நோக்கிய அம்பு. "மேடு ஏறணுமா?"

முதலுதவிக்குச் சிவப்புச் சிலுவை. இதை எல்லோரும் சரியாகப் படித்தார்கள்.

காபி கிடைக்கும் இடத்துக்கு, மேலிருந்து பார்த்த டம்ளர் டபரா. "கேரம் போர்டா?"

பைக்கு உரிமையாளர் கேட்பது: இரண்டு மலை, நடுவில் எழும் சூரியன், கீழே இரண்டு காபி இலை, ஒரு கொட்டை, ஓரத்தில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல "1820 முதல்".

கோளாறு வரைந்த விதத்திலா, தேர்ந்தெடுத்த குறியிலா? குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் குறியியலில் உருவக்குறி, சுட்டுக்குறி, மரபுக்குறி என்று பிரிக்கிறார்களே, அது இந்த மாதிரி வேலையில் எங்கே கைகொடுக்கும்?

---

கோடும்_வெளியும்:

வரைந்த விதத்தில் குறை கொஞ்சம்தான். அந்த மூன்று வகைப் பிரிவு சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் (1839–1914) தந்தது. அதை வைத்து "இந்தப் படம் எந்தப் பெட்டியில் விழும்?" என்று கேட்டால் ஒரு பயனும் இல்லை. ஒரே பலகையின் எந்தப் பகுதி எந்த வழியில் பொருள் தருகிறது என்று கேட்டால்தான் கைகொடுக்கும்.

செருப்புப் பலகையைப் பிரித்துப் பாருங்கள். செருப்பின் படம் செருப்பைப் போலவே இருப்பதால் புரிகிறது, அது உருவக்குறி. வட்டமும் சாய்கோடும் சாலையில், பேருந்தில், மருத்துவமனையில் பார்த்துப் பழகியதால் புரிகின்றன, அது மரபுக்குறி. பலகை களத்து ஓரத்தில் நடப்பட்டிருப்பதால் "இங்கே" என்ற பொருள் கிடைக்கிறது, அது சுட்டுக்குறி. கூட்டினால் "இங்கே செருப்பு கூடாது". மக்கள் மிகச் சரியாகப் படித்திருக்கிறார்கள். கோயில் வாசலிலும் வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றும் ஊரில் அந்தப் படத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் அதற்கு வேறு வேலை கொடுக்க முடியாது. வெறுங்காலோடு நடந்தாலும் காபி கெட்டுத்தான் போகும் என்பது அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை.

தடுக்க வேண்டியது செருப்பை அல்ல, நடப்பதை. பாதுகாப்புக் குறிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 7010 தொகுப்பில் பி004 என்ற குறி இருக்கிறது: நடக்கும் ஆள், மேலே தடைக்கோடு, "இவ்வழி நடக்கத் தடை". அதை எடுத்துக் காலடியில் கொட்டைக் குவியலைச் சேருங்கள். கூடவே களத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு. கயிறு பாதி வேலையைச் செய்துவிடும். பலகை காரணத்தைச் சொன்னால் போதும்.

குரங்குப் பலகையில் இரண்டு தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. முதலாவது அமைப்புத் தவறு. தடைக்கோடு இடது மேலிருந்து வலது கீழாக 45 பாகையில் இறங்குகிறது. கொடுக்கும் கையும் பழமும் அந்தக் கோட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கண்ணில் படுவது குரங்கு மட்டும். அப்போது "குரங்கு இல்லை" என்றுதான் வாசிப்பு வரும். கையையும் பழத்தையும் வலது மேல் பகுதிக்கும் குரங்கை இடது கீழ்ப் பகுதிக்கும் நகர்த்துங்கள். இரண்டுக்கும் நடுவே கோடு ஓடட்டும். இரண்டாவது, நிமிர்ந்து நின்று வாலைத் தூக்கிய குரங்கின் நிழலுரு நம் ஊரில் ஆஞ்சநேயர்தான். நான்கு காலிலோ குந்தியோ இருக்கும்படி, வால் தரையில் கிடக்கும்படி வரையுங்கள். ஏற்காட்டில் திரியும் குல்லாய்க் குரங்கு குந்தித்தான் வாங்கித் தின்னும், அதனால் உண்மைக்கும் அதுவே பொருந்தும்.

அம்பு: மேல்நோக்கிய அம்பு "நேராக" என்பது சமதளத்தில் மட்டும் தகராறில்லாத மரபு. மலைச் சரிவில் அதே அம்பு சரிவின் உருவக்குறியாக மாறிவிடுகிறது. இரண்டு வழி. ஏற்றம் உள்ள இடத்தில் அம்போடு படிக்கட்டுப் படத்தையும் போடுங்கள். ஏற்றம் இல்லாத இடத்தில் படி இல்லாததே பதிலாகிவிடும். இல்லையென்றால் பலகையைப் பாதைக்குக் குறுக்காக வைக்காமல் இணையாக வைத்து, இடம் வலம் காட்டும் அம்பு மட்டும் பயன்படுத்துங்கள். எதிரெதிராக இரண்டு பாதை பிரியும் இடத்தில் சாய்ந்த அம்பு போடவே கூடாது.

டம்ளர் டபராவைப் பக்கவாட்டில் காட்டுங்கள். விளிம்பு வெளியே வளையும் அந்த வளைவு இல்லாவிட்டால் அது ஏதோ ஒரு கிண்ணம்.

எல்லோரும் சரியாகப் படித்தார்கள் என்று நிம்மதியாக இருக்கிறீர்களே, அந்தச் சிவப்புச் சிலுவைதான் முதலில் எடுக்க வேண்டியது. வெள்ளைமேல் சிவப்புச் சிலுவை செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் படை மருத்துவப் பிரிவுகளுக்கும் உரிய பாதுகாப்புச் சின்னம். இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைச் சட்டம் அதை அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை செய்கிறது. முதலுதவிக்கு ஐஎஸ்ஓ குறி பச்சைச் சதுரத்தில் வெள்ளைச் சிலுவை, இ003.

---

பேட்டை_ஸ்கிரீன்:

பையைப் பத்தி யாரும் பேசலையே. நான் சொல்றேன்.

இரண்டு மலை நடுவுல எழும் சூரியன். இரண்டு இலை. தமிழ்நாட்டுல இதை யார்கிட்ட காட்டினாலும் காபின்னு சொல்ல மாட்டாங்க. உதயசூரியனும் இரட்டை இலையும் ஒரே பையில! உரிமையாளர் கூட்டணி வைக்கிறாரான்னு கேப்பாங்க. சரி, சேலம்னா மாம்பழம்தானேன்னு ஓரத்துல ஒண்ணு போட்டீங்கன்னா அதுவும் பாமக சின்னமா மக்கள் மனசுல பதிஞ்சது.

கிண்டலுக்கு மட்டும் சொல்லலை. 1951–52 முதல் பொதுத்தேர்தல்லேர்ந்து எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் ஓட்டுப் போடணும்னு சின்னம் கொடுத்தாங்க. எளிமையான கோட்டுப் படம், ஒரே நிறம், பார்த்ததும் பேர் சொல்லக்கூடிய பொருள். நல்ல லோகோவுக்கு நாம கேக்கறதும் அதேதான். அதனாலதான் இங்க லோகோ வரைஞ்சா சின்னத்துல போய் முட்டும். பெங்களூர்ல இந்தப் பை ஒரு அழகான இயற்கைக் காட்சி; மேட்டூர் ரோட்டுக் கடையில தேர்தல் நோட்டீஸ்.

காபிச் செடியில இலை எதிரெதிரா ஜோடியாத்தான் வரும், அதனால இலையே வேண்டாம்னு சொல்ல முடியாது. ஒரு கிளையா வரைங்க: குறைஞ்சது மூணு கணு, ஒவ்வொரு கணுவுலயும் பழக் கொத்து. இலை ஓரத்துல அலை இருக்கணும், நுனி கூரா நீளணும். சூரியனை விட்டுடுங்க. அப்படியும் வேணும்னா முழு வட்டம், கதிர் கிடையாது, மலைக்குப் பின்னாடி மறையக் கூடாது.

இன்னொரு இடத்துல மாட்டுவீங்க. காபிப் பையில காத்து வெளியேற ஒரு வால்வு வைப்பாங்க, ஏறக்குறைய 2 செ.மீ. வட்டம், பையின் மேல்பகுதி நடுவுல. டிசைன் பண்றப்ப அது கண்ணுல இருக்காது. பை செஞ்சு வந்ததும் மலைக்கு மேல ஒரு வட்டம், மறுபடி சூரியன். பை செய்யறவங்ககிட்ட வால்வு இருக்கிற இடத்தோட டைலைன் (பையை வெட்டி மடிக்கிற கோடெல்லாம் குறிச்ச வரைபடம்) வாங்கி முதல் லேயரா வச்சுட்டு வரைய ஆரம்பிங்க.

ஒத்தைக் காபிக்கொட்டையும் 10 மி.மீ.க்குக் கீழ போனா சோழியா தெரியும். நடுக்கோடு நேரா இருந்தா சோழி, லேசா எஸ் மாதிரி வளைஞ்சா காபி. இரண்டு மூணு கொட்டை, ஒண்ணு முதுகு காட்டி இருந்தா சந்தேகமே வராது.

---

நிழல்மரம்:

"1820 முதல்" ஸ்டாம்ப் பற்றி. ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820களில், அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில். அது மலையின் வரலாறு. ஆனால் பையின் மேல் ஆண்டு போட்டு "முதல்" என்று எழுதினால் அந்த நிறுவனத்துக்கு அத்தனை வயது என்றுதான் யாரும் படிப்பார்கள். எஸ்டேட் அப்போது தொடங்கியதாக ஆவணம் இல்லையென்றால் அது பொய். பின்பக்கத்தில் "சேர்வராயன் மலையில் 1820களிலிருந்து காபி விளைகிறது" என்று முழு வாக்கியமாக எழுதினால் அதே தகவல், ஏமாற்று இல்லை.

ஸ்டாம்ப் வடிவமும் கவனிக்க வேண்டியது. உண்மையான ரப்பர் ஸ்டாம்ப் ஒரு சுட்டுக்குறி: ஒரு கை இந்தப் பையைத் தொட்டு, இந்தத் தேதியில் அழுத்தியது என்பதற்குத் தடயம். அச்சில் மை கலைந்தது போல வரைந்த ஸ்டாம்ப் அந்தத் தடயத்தின் படம் மட்டும். எல்லாப் பையிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி மை கலைந்திருந்தால் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். ஒரு வெற்று வட்டத்தை அச்சிட்டு விட்டு, வறுத்த தேதியையும் தொகுதி எண்ணையும் உண்மையிலேயே அதில் குத்துங்கள். மை காய, வட்டம் விழும் இடத்தில் லேமினேஷன் பளபளப்பு இருக்கக் கூடாது. மேட் பரப்பு, ஆல்கஹாலில் காயும் மை. சாதாரண ஸ்டாம்ப் பேடு மை ஃபிலிம் மேல் விரலோடு வந்துவிடும்.

மலைக் கோட்டால் ஏற்காட்டைச் சொல்ல முடியாது. ஊட்டி, கொடைக்கானல், குடகு எல்லாப் பையிலும் அதே கோடு. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறி, அதன் நிழலில் காபி நிற்பதும் பல மலைகளுக்குப் பொது. ஊரை எழுத்தால் சொல்லுங்கள், பெரியதாக. படம் வேண்டுமென்றால் என் தேர்வு, சேலத்திலிருந்து ஏறும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஒரே கோடாக, மடக்கி மடக்கி, கீழிருந்து மேலே. 0.8 மி.மீ. கோடு, 2 மி.மீ. இடைவெளி என்றால் 20 வளைவுக்கு 56 மி.மீ. உயரம்தான். ஒரே நிறம் என்பதால் நிறங்கள் விலகி விழும் கவலையும் இல்லை. ஏறி வந்தவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள், ஆகவே 20ஐக் குறைக்காதீர்கள். கூட்டினால் கொல்லிமலை ஆகிவிடும், அங்கே 70.

சைவப் பச்சைக் குறியை அழகுக்காக ஓரங்கட்ட வேண்டாம். உங்கள் பை முன்பக்கம் 12 × 20 செ.மீ. என்று வைத்தால் 240 சதுர செ.மீ.; 100க்கு மேல் 500 வரை உள்ள அளவுக்கு வட்டத்தின் விட்டம் குறைந்தது 4 மி.மீ., சுற்றிய சதுரத்தின் பக்கம் அதைப் போல் இரு மடங்கு, 8 மி.மீ. கிராஃப்ட் காகிதத்தில் நேரடியாக அச்சிட்டால் பச்சை சேற்று நிறமாகிப் பழுப்பாகத் தெரியும். பழுப்பு என்றால் அசைவம்! அடியில் வெள்ளை மை ஒரு பூச்சு கட்டாயம். அசைவக் குறியைப் பழுப்பு வட்டத்திலிருந்து முக்கோணமாக மாற்றியதே, பச்சையும் பழுப்பும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்காகத்தான். நிறம் மட்டும் வைத்துப் பொருள் சொல்லாதே என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடைக்காது. சிக்கரி கலந்திருந்தால் விழுக்காட்டையும் முன்பக்கத்தில் போட இடம் ஒதுக்கிவிடுங்கள். கடைசியில் நுழைத்தால் மொத்த அமைப்பும் கெடும்.

---

அடிவாரம்_டிசைன்:

எல்லோருக்கும் நன்றிங்க. சின்னம் விஷயம் கண்ணை மறைத்திருக்கிறது, மூன்று பேர் பார்த்தும் யாரும் சொல்லவில்லை.

இரண்டு சந்தேகம். காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரம் இருக்கும் கொட்டகையில் எச்சரிக்கைக்கு ஐஎஸ்ஓ மஞ்சள் முக்கோணமா, மலைச்சாலையில் எல்லோரும் பார்த்துவிட்டு வரும் சிவப்பு விளிம்பு வெள்ளை முக்கோணமா? அப்புறம், இதையெல்லாம் எழுத்தே இல்லாமல் செய்ய முடியுமா, முடியாதா?

---

ஏசிபி_வினைல்:

பலகை அடிக்கிறவன் பார்வையில சொல்றேன்.

முக்கோணம்: வண்டி ஓடுற பாதைக்கு சாலை மாதிரியே சிவப்பு விளிம்பு, ஆள் நடக்கிற, மெஷின் இருக்கிற இடத்துக்கு மஞ்சள். இரண்டையும் ஒரே கம்பத்துல மாட்டாதீங்க. மஞ்சள் முக்கோணத்துல மஞ்சள் பாதிப் பரப்புக்குக் குறையக் கூடாது, தடை வட்டத்துல சிவப்பு 35 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாதுன்னு ஐஎஸ்ஓ 3864 சொல்லுது. ஒல்லியா ஸ்டைலா கோடு போட்டா பத்தடியில தடையே தெரியாது.

அளவு: அபாயப் பலகைக்குப் பார்க்கிற தூரத்தை 100ஆல வகுத்தா குறைஞ்சபட்ச உயரம். 10 மீட்டர்ல தெரியணும்னா 100 மி.மீ. அது நல்ல வெளிச்சத்துக்கு. ஏற்காட்டுல மூடுபனி இறங்கினா கணக்கே வேற, இரண்டு மடங்கா வைங்க. 100 மி.மீ. படக்குறியில 3 மி.மீ.க்கு ஒல்லியான கோடு வேண்டாம். கறுப்புமேல வெள்ளைக் கோடு தடிச்சுத் தெரியும், அதனால தலைகீழ் நிறப் பதிப்புக்குக் கோட்டைப் பத்துல ஒரு பங்கு ஒல்லியாக்கித் தனி ஃபைல் வச்சுக்கங்க. பலகை நடு தரையிலேர்ந்து 1.4–1.6 மீட்டர்.

இப்ப முக்கியமானது. ஃப்ளெக்ஸ்லயோ சாதா பிரிண்ட் வினைல்லயோ அடிச்சீங்கன்னா வெயில்ல முதல்ல வெளுக்கறது சிவப்பும் மஞ்சளும்தான். கறுப்பு அப்படியே நிக்கும். சிவப்புக் கோடு போயிட்டா மிச்சம் என்ன? குரங்குக்குப் பழம் கொடுக்கிற ஒரு அழகான படம். தடை, அழைப்பா மாறிடும். அதனால தடை வட்டத்தை மட்டும் வெயில் தாங்குற காஸ்ட் வினைல்ல வெட்டி ஒட்டுங்க, 3 மி.மீ. ஏசிபி தகட்டுல (இரண்டு அலுமினியத் தாளுக்கு நடுவுல பிளாஸ்டிக் வச்சது), மேல யூவி லேமினேஷன். செலவு கூடத்தான், ஆனா 11 பலகையில நாலோ அஞ்சோதான் தடைப் பலகை. மத்ததுக்கு சாதா வினைல் போதும். மரத்தடியில இருக்கிற பலகையில பாசி படியும், மழை முடிஞ்சதும் ஈரத்துணியில துடைக்கச் சொல்லுங்க.

பூச்சிமருந்து வைக்கிற அறைக்கு நீங்களா ஒண்ணும் வரையாதீங்க. பூச்சிமருந்து டப்பாவுல இருக்கிற சாய்சதுரம், மேல் பாதியில எச்சரிக்கை, கீழ் பாதியில நிறம், அதை எஸ்டேட் ஆளுங்களுக்கு நல்லாத் தெரியும். சிவப்பு மிகக் கொடிய விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், கடைசியில பச்சை. அங்க பச்சைன்னா பாதுகாப்பு இல்லை, விஷம் குறைவுன்னுதான் அர்த்தம். பையிலயும் பச்சை அடிப்பாதி உள்ள சாய்சதுர லோகோ வரைஞ்சுடாதீங்க.

தமிழ் எழுத்தை வினைல்ல வெட்டறப்ப ணை, ஷ, ஞ உள்வட்டம் பிஞ்சுடும். 20 மி.மீ. உயரத்துக்குக் கீழ வெட்டச் சொல்லாதீங்க, பிரிண்ட் பண்ணிக்கங்க.

---

கோடும்_வெளியும்:

எழுத்து இல்லாமல் முடியுமா என்றால், திசை, கழிப்பறை, குடிநீர், முதலுதவி இவற்றை முடிக்கலாம். கழிப்பறையில்கூடப் பாவாடை முக்கோணம் கற்றுக்கொண்ட மரபுதான். மீசை, பின்னல் வைத்த முகங்கள் இந்தப் பக்கத்தில் வேகமாகப் புரியும். காரணம் சொல்ல வேண்டிய பலகைகள், களமும் குரங்கும், எழுத்தில்லாமல் நிற்காது. படம் பல பொருளுக்கு இடம் தரும். பக்கத்தில் இருக்கும் ஒரு வரி அதில் ஒன்றைப் பிடித்து நிறுத்தும். "காபி காய்கிறது. கால் வைக்காதீர்." தமிழிலும் ஆங்கிலத்திலும், தேவையென்றால் கன்னடத்திலும். உரிமையாளரிடம் இதைப் பேசி வாங்குங்கள்.

அணுக்கதிர் அபாயத்துக்கான மூவிதழ்க் குறியை நினைத்துப் பாருங்கள். 1946இல் வரைந்தது, உலகம் முழுக்கப் புழக்கம், ஆனாலும் பயிற்சி இல்லாதவருக்கு அது மின்விசிறி. கடைசியில் 2007இல் ஐஎஸ்ஓ 21482 என்று கூடுதலாக ஒரு குறி கொண்டுவந்தார்கள்: கதிர், மண்டையோடு, ஓடும் ஆள். அதை இந்தியா உட்பட 11 நாடுகளில் சாதாரண மக்களிடம் காட்டிச் சோதித்த பிறகே ஏற்றார்கள்.

சோதனையை நீங்களும் ஒழுங்காகச் செய்யுங்கள். வெள்ளைத்தாளில் குறியை மட்டும் காட்டாதீர்கள். களத்தின் புகைப்படத்தில் பலகையை ஒட்டிக் காட்டுங்கள். "இது களத்தில் நடக்கக் கூடாது என்று புரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். கேள்வி இரண்டே: இது என்ன சொல்கிறது? இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவதில்தான் செருப்பைக் கழற்றும் ஆள் பிடிபடுவார். வீட்டார், நண்பர்கள், டிசைனர்கள் வேண்டாம். பேருந்தில் வந்த பெரியவர்கள், பத்து வயதுக் குழந்தைகள், பெங்களூர்க்காரர்கள், எஸ்டேட் ஆட்கள் என்று கலந்து ஒரு 20 பேர். ஒருவருக்கு எல்லாப் பலகையையும் காட்டினால் முதல் பலகை அடுத்ததற்குப் பதில் சொல்லிக் கொடுத்துவிடும். வரிசையைக் கலைத்து ஆளுக்கு நாலைந்து காட்டுங்கள்.

பதிலை நான்காகப் பிரியுங்கள்: சரி, தவறு, நேர் எதிர், தெரியவில்லை. அமெரிக்கத் தர நிறுவனமான ஏஎன்எஸ்ஐயின் பாதுகாப்புக் குறித் தரத்தில் 85 விழுக்காடு சரியாக இருக்க வேண்டும், ஆபத்தான தவறான வாசிப்பு 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. 20 பேரில் அது 17 சரி, அதிகபட்சம் ஒரு நேர் எதிர். "தெரியவில்லை" என்று மூவர் சொன்னாலும் அந்தப் பலகையை எழுத்து சேர்த்துக் காப்பாற்றலாம். இருவர் நேர் எதிராகப் படித்தால் குறியையே மாற்றுங்கள், திருத்திப் பயனில்லை.

---

பேட்டை_ஸ்கிரீன்:

ஒரு திருத்தம். பையையும் அதே 20 பேர்கிட்ட காட்டாதீங்க, பலகை பார்த்தவங்களுக்கு அது எஸ்டேட்னு முன்னாடியே தெரிஞ்சுடும். பையைக் கீழ, சேலம் கடைத்தெருவுல, மத்த காபிப் பைகளுக்கு நடுவுல அடுக்கி வச்சு, பத்தடி தள்ளி நின்னு "இதுல எது ஏற்காட்டுக் காபி?"ன்னு கேளுங்க. மாதிரிப் பைக்கு டிஜிட்டல் ஸ்டிக்கர் போதும். அச்சு பிளேட், சிலிண்டர் எதுக்கும் ஆர்டர் கொடுக்கறது அதுக்கப்புறம்.